கேட்காமல் ஊற்றிய எண்ணெய்

வேன் அக்காவுக்கு இடது முழங்கால் மடங்காது. இளவயதில் துணிக்கிடங்கில் வேலை பார்த்தபோது, ஏனோதானோவென்று அடுக்கி வைத்திருந்த மூட்டை வரிசை ஒன்று சரிந்து அவள் கால்மேல் விழுந்தது. எலும்பு கூடியது, மூட்டு கூடவில்லை. நடக்கும்போது அந்தக் கால் விறைப்பாக வெளிப்பக்கம் வீசி வந்து தரையைத் தொடும். அது அவளுக்குப் பழகிப்போயிற்று. கடைசிவரை பழகாதது ஊராரின் உதவிதான்.

சாலையோரம் சும்மா நின்றால் போதும், யாராவது வந்து முழங்கையைப் பிடிப்பார்கள். பேருந்துப் படியில் கால் வைத்தால், பின்னாலிருந்து யாரோ இடுப்பில் கை கொடுத்துத் தூக்குவார்கள். ஒருமுறை மருந்துக்கடை வாசலில் தோழிக்காகக் காத்திருந்தவளை ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எதிர்ச்சாரியில் விட்டுவிட்டு, மனநிறைவோடு தன் வழியே போனார். வண்டிகளுக்கு நடுவே அவள் மறுபடியும் தனியாகக் கடந்து வரவேண்டியதாயிற்று. "கேட்டுட்டுப் பிடிங்க" என்று அவள் சொல்லாத ஆள் இல்லை. சொன்னால் முகம் சுண்டிப்போகும். நல்லது செய்யப் போனால் வள்ளென்று விழுகிறாள் என்று பேர். அந்தப் பேரையும் சுமந்துகொண்டுதான் அவள் நாற்பதைத் தாண்டினாள்.

அவளைக் காப்பாற்றியது ஒரு பழைய வேன். கிளட்ச் மிதிக்க இடதுகால் வேண்டும். அது அவளிடம் இல்லை. கிளட்ச் இல்லாமல் தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி என்றால் வலதுகால் ஒன்றே போதும். கிடங்குக்காரர்கள் கொடுத்த நஷ்ட ஈட்டையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, இரண்டு கை மாறிய வேன் ஒன்றை வாங்கி, ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கினாள். வாரத்தில் சில நாட்கள் டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டுபோய், மறுபடி வீட்டில் சேர்ப்பதுதான் வேலை. ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பிழிந்து போட்ட துணிபோல இருப்பார்கள். வண்டி குலுங்கினால் குமட்டும். இவளுடைய வேனில் ஏறினால் கியர் மாறுவதே தெரியாது என்பார் ஒரு தையற்காரர். வெகுநாளாக அவளோடு வருகிறவர். இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எதையும் லேசில் பாராட்டாத அந்த அம்மாளே, மகன் காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு இந்த வேனில்தான் வந்தார்.

வேன் அக்காவின் அண்ணன் லாரி ஓட்டியே தலை நரைத்தவர். வேலையிலிருந்து நின்றபிறகு வீட்டில் கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. பெற்றோர் விட்டுப்போன வீட்டின் முன்பகுதியில் அவரும் அண்ணியும், பின்பகுதியில் இவளும் இருந்தார்கள். தங்கைமேல் அவருக்கு உயிர். அதை அவளே மறுக்கமாட்டாள். ஆனால் அவள் வண்டியைப் பற்றி அவருக்கு மதிப்பு ஒன்றும் கிடையாது. "கிளட்ச் இல்லாத வண்டியும் ஒரு வண்டியா? ராட்டினத்துக் குதிரை" என்பார். அந்தக் குதிரைதான் சோறு போடுகிறது என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

வேனுக்கு இரண்டு சாவி. ஒன்று இவளிடம். இன்னொன்றை வண்டி வாங்கிய அன்றே, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அண்ணன் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த அவசரம் தினமும் காலையில் வந்தது. இவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வேனைக் கிளப்பி உறுமவிடுவார். இஞ்சினுக்குச் சூடு காட்டுகிறாராம். இருக்கையைப் பின்னால் தள்ளிவைத்திருப்பார், கண்ணாடிகள் திரும்பியிருக்கும். இவள் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் உயரத்துக்குத் திரும்பக் கொண்டுவருவாள். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னாள். சரி சரி என்பார். மறுநாள் காலை மறுபடியும் வண்டி உறுமும்.

கியர்பாக்ஸ் எண்ணெய் விஷயத்தில் மட்டும் யாரையும் அருகில் விடமாட்டாள். அந்த எண்ணெய்தான் அவளுக்கு இடதுகால். நல்ல ஓட்டம் ஓடிச் சூடாக வந்த வேனைத் தண்ணீர்த்தொட்டி அருகே சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்துவாள். இஞ்சினை அணைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியர்க் கம்பை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, கடைசியில் நிறுத்த நிலைக்குக் கொண்டுவருவாள். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, இஞ்சின் மூடியைத் திறந்து அளவுக்கம்பியை உருவுவாள். நூல் பிரியாத துணியில் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி, மறுபடி உருவினால்தான் உண்மை அளவு தெரியும். கம்பியில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. கீழ்க்கோடு குளிர்ந்த எண்ணெய்க்கு, மேற்கோடு சூடான எண்ணெய்க்கு. சூட்டில் எண்ணெய் பொங்கும் அல்லவா, அதனால். விரல்நுனியில் தொட்டு நிறம் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நிம்மதி. குறைந்திருந்தால் எடுத்தவுடன் ஊற்றமாட்டாள். எங்கே ஒழுகுகிறது என்று முதலில் கீழே குனிந்து பார்ப்பாள். பிறகுதான் நீண்ட மூக்குப் புனலை வைத்து, குழம்புக்கு உப்புப் போடுவதுபோலக் கொஞ்சம் விட்டு, அளந்து, தேவையானால் இன்னும் கொஞ்சம் விடுவாள். கூடிப்போனால் உள்ளே சுழல்கிற பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்குப் பிடிமானம் கிடையாது. வண்டி வழுக்கும்.

இதெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. அண்ணன் புத்தகம் படிப்பவர் இல்லை.

அன்று காலையும் வேன் உறுமிய சத்தம் குளியலறைக்குக் கேட்டது. வழக்கம்தானே என்று இருந்துவிட்டாள். வெளியே வந்தபோது அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டி அருகே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டவர்போல் இருந்தார். அவளுக்கு நேரமாகிவிட்டது. இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினாள்.

தையற்காரரை ஏற்றினாள், பிறகு தலைமையாசிரியையை. நகரத்துக்குள் நெரிசல். நின்று நின்று போனதில் வண்டி நன்றாகச் சூடேறியது. அப்போதுதான் முதல் முறையாக இஞ்சின் கத்தியது, வேகம் கூடவில்லை. ஒரு நொடி தயங்கி, பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல வண்டி பாய்ந்தது. தலைமையாசிரியை முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டார். பார்க்கிறேன் டீச்சர் என்றாள் இவள். அவளுக்கே புரியவில்லை. போன வாரம்தான் அளவு பார்த்தாள், கச்சிதமாக இருந்தது.

மேம்பாலத்தில் பாதி ஏறும்போது வண்டி கைவிட்டது. மிதிக்க மிதிக்க இஞ்சின் மட்டும் அலறியது. சக்கரம் நின்று, மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கை அழுத்திக் கைப்பிரேக்கை இழுத்தாள். அடியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது, கருகின வாடை அடித்தது. தீ என்று தலைமையாசிரியை அலறிவிட்டார். இருவரையும் இறக்கிப் பாலத்தின் ஓரக்கட்டையில் உட்கார வைப்பதற்குள் பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஒலியெழுப்பின. இவள் காலை வீசி நடந்து வந்து வண்டிக்குக் கீழே பார்த்தாள். சிவப்பு எண்ணெய் சூடான புகைக்குழாய்மேல் சொட்டிச் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது.

மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து நிறுத்தி அவள் காலையே பார்த்தான்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எதுக்கும்மா வண்டி ஓட்டறீங்க? மத்தவங்க உயிரோட விளையாடவா?"

"காலுக்கு ஒண்ணும் இல்ல. வண்டிக்குத்தான் சீக்கு. நீங்க கெளம்புங்க" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு ஆறவில்லை. நூறு பேருடைய வண்டி நடுரோட்டில் நிற்கிறது. யாராவது அவர்கள் முழங்காலைப் பார்க்கிறார்களா?

வாடகைக் காரைக் கூப்பிட்டு இருவரையும் ஏற்றி அனுப்பினாள். நேரம் தவறிப்போனதால் அங்கே அவர்களுக்குச் சிகிச்சையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த ஆள் காத்திருக்கும்போது படுக்கை எப்படிக் கிடைக்கும்? தையற்காரருக்கு மறுநாளெல்லாம் மூச்சு வாங்கியது. தலைமையாசிரியையின் மகன் அன்றே போனில் கூப்பிட்டு, இனிமேல் அம்மாவை உங்கள் வண்டியில் அனுப்புவதாக இல்லை என்று மரியாதையாகச் சொன்னான். அந்த மரியாதை செருப்பால் அடித்ததைவிட வலித்தது.

ஆனால் அதற்குமுன் பட்டறையில் நடந்ததைச் சொல்லவேண்டும். வேனைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டார்கள். செய்தி கேட்டு அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அவர் வந்ததுதான் தாமதம், மெக்கானிக்குக்கு வேன் அக்கா கண்ணிலேயே படவில்லை. வண்டி என்ன செய்தது, எப்போதிலிருந்து, எவ்வளவு தூரம் ஓடியது என்று எல்லாவற்றையும் அண்ணனிடமே கேட்டான். ஓட்டியவள் பக்கத்திலேயே நின்று பதில் சொன்னாள். பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்வியையும் அவன் அண்ணனிடமே கேட்டான். கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கித்தான் பார்க்கவேண்டும் என்று அவரிடமே தீர்ப்பும் சொன்னான்.

"இறக்கறது இருக்கட்டும். மொதல்ல கம்பியை எடுத்துப் பாருங்க" என்றாள் இவள்.

அவன் ஒரு சலிப்போடு மூடியைத் திறந்து கம்பியை உருவினான். மேற்கோட்டுக்கு மேலே விரற்கடைத் தூரம்வரை இளஞ்சிவப்பு நுரை, சவரக்குழம்பு அப்பியதுபோல. அவன் சலிப்பு போன இடம் தெரியவில்லை.

"யாரு இவ்வளவு ஊத்தினது?" என்று கேட்டு, அன்றைக்கு முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். குற்றம் என்று வந்ததும்தான் அவள் அங்கே நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

அவள் பதில் சொல்வதற்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நான்தான் தம்பி. காலையில பாத்தேன், ரொம்பக் கீழ இருந்துச்சு. இவ கவனிக்கல போலன்னு மேல்கோடு வரைக்கும் ஊத்திவிட்டேன்."

பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடந்த எண்ணெய்க்குச் சூட்டுக்கோடுவரை ஊற்றியிருக்கிறார். அவளுடைய கொட்டகையிலிருந்து, அவள் வாங்கி வைத்திருந்த டப்பாவை எடுத்து, அவளுக்கே தெரியாமல். சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று காலையில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். வேன் அக்கா அவரையே பார்த்தாள். வண்டியின் முன்கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள்.

மெக்கானிக் அன்றே குழாய்விட்டுக் கெட்டுப்போன எண்ணெயை உறிஞ்சி எடுத்தான். புதுசு ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, அதையும் எடுத்து மறுபடி புதுசு ஊற்றினான். நல்லவேளை, உள்ளே பெரிதாக ஒன்றும் கருகவில்லை. வண்டி பிழைத்துக்கொண்டது. வீட்டில்தான் தீப்பிடித்தது.

அன்றிரவு அண்ணன் சாப்பிடவில்லை. மறுநாளும் அரைவயிறுதான். உடனே உலகமே அவர் பக்கம் சாய்ந்தது. வெளியூரிலிருந்து சின்னத் தங்கை போன் செய்து, அண்ணன் என்ன விஷத்தையா ஊற்றினார், எண்ணெயைத்தானே என்றாள். அண்ணி வந்து, பெரிய மனுஷர் முகம் வாடிக்கிடக்கிறது, நீயாக ஒரு வார்த்தை பேசினால் என்ன என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கூட, உங்கள்மேல் உள்ள பாசத்தில்தானே செய்தார் என்று மதில்மேல் சாய்ந்துகொண்டு சொன்னார். பாலத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிழைப்பில் பாதி போனவளைப் பற்றியும் கேட்கவில்லை. ஊற்றியவருக்கு ஆறுதல் சொல்ல மட்டும் ஆள் வரிசையில் நின்றது. போதாததற்கு, மன்னிப்பும் இவள்தான் கேட்க வேண்டுமாம்.

அவள் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. முன்பகுதிக்குப் போனாள். அண்ணன் நாற்காலியில் இருந்தார்.

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"நல்லதுக்குச் செஞ்சா கேட்டுட்டுச் செய்யணும்ணா. நான் பதினோரு வருஷமா ஓட்டற வண்டி. அதுல எண்ணெய் கொறஞ்சா எனக்குத் தெரியாதா? நீ லாரி ஓட்டினப்போ உன் வண்டியை யாராவது கேக்காம தொட்டிருந்தா சும்மா விட்டிருப்பியா?"

"அது வேற—"

"என்ன வேற? உனக்கு ரெண்டு காலும் மடங்கும், அதானே வேற?"

அவள் இரண்டு காரியம் கேட்டாள். ஒன்று, அந்த இன்னொரு சாவி. இரண்டு, வேன் நின்றது ஓட்டியவள் தவறால் இல்லை என்று அவரே தையற்காரர் வீட்டுக்கும் தலைமையாசிரியை வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லவேண்டும்.

சாவியைத் திருப்பிக் கேட்டதும், சொத்தில் பங்கு பிரித்துக் கேட்டதுபோல வீடு அதிர்ந்தது. ஓர் அவசரம் என்றால் என்ன செய்வாய் என்றார் அண்ணன். உன்னைக் கூப்பிட்டுச் சாவியை நானே தருவேன் என்றாள் இவள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி மட்டும் தாழ்ந்த குரலில், "கல்யாணம் ஆன நாள்லேருந்து என் குழம்புல இவரு கேக்காம உப்புப் போடறாரு. எனக்குச் சாவி ஏது பிடுங்கறதுக்கு" என்றாள். கோபத்துக்கு நடுவிலும் வேன் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் தையற்காரர் வீடு. தையற்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் கத்திரிக்கோலை யாராவது எடுத்துக் காகிதம் வெட்டினால் தனக்கும் வெறி வரும் என்று மட்டும் சொன்னாராம். அடுத்த வாரம் வழக்கம்போல வேனை அனுப்பச் சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியை வீட்டில் மகன் வாசற்கதவைப் பாதிதான் திறந்தான். அண்ணன் நடந்ததை நடந்தபடி சொன்னார். எண்ணெய் ஊற்றியது நான், தங்கைமேல் குற்றம் ஒன்றும் இல்லை என்றார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, அதெல்லாம் இருக்கட்டும், எப்படிப் பார்த்தாலும் கால் சரியில்லாதவர்களை நம்பி அம்மாவை அனுப்புவது சரியாகப் படவில்லை, அவர்களும் பாவம், வீட்டோடு இருக்கக்கூடாதா என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

அண்ணன் வீடு திரும்பும்போது முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. நேரே பின்பகுதிக்கு வந்தார். வந்ததும் வராததுமாக அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவ்வளவு நெரிசலில், பாலத்தில் பின்னால் உருளும் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள், வேறு எவனாவது நிறுத்தியிருப்பானா, இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் உண்டா என்று அந்த ஆளிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இவளிடம் சொன்னார்.

"வீட்டோட இருக்கணுமாம். அவன் எப்படிம்மா அப்படிச் சொல்லலாம்?"

வேன் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொல்லாததையா அவன் சொல்லிட்டான்?"

வண்டி வாங்கப்போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் அவர் பேசியது இருவருக்கும் நினைவிருந்தது. நான் இருக்கும்போது உனக்கு எதற்கு வண்டி, காலை வைத்துக்கொண்டு வீட்டோடு இரு என்றவர் அவர்தான். அவளும் அதை நினைவூட்டவில்லை. அவர் முகமே சொல்லியது. பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, மடித்து வைத்த துணிகளின்மேல் வைத்துவிட்டுப் போனார். தப்பு என்றோ மன்னித்துவிடு என்றோ ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவள் அதை எதிர்பார்த்தாள். வராததில் அவளுக்கு இன்றைக்கும் குறைதான்.

தலைமையாசிரியை திரும்ப வரவில்லை. சிகிச்சை நிலையத்தில் கண்டால் அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொள்வார். மகன் பேச்சைத் தட்டமுடியாத சங்கடம் அவருக்கு. அந்த இருக்கை வெகுநாள் காலியாகவே போய்வந்தது. பிறகு சிறுநீரகம் கெட்ட ஒரு வங்கிக்காரர் வந்து சேர்ந்தார். வேனில் சின்னதாக ஒரு தயக்கம் மட்டும் தங்கிவிட்டது. குளிர்ந்த காலையில் இரண்டாம் கியருக்கு மாறும்போது ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் மாறும். அந்த ஒவ்வொரு கணத்திலும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

காலையில் வண்டி உறுமுவது நின்றது. ஆனால் அண்ணனின் கை நிற்கவில்லை. ஒருநாள் வெளியே வந்து பார்த்தால், ஈரத்துணியோடு முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழைத்துடைப்பான் இரண்டையும் வேறு தூக்கி நிறுத்தியிருந்தார். அவள் பார்த்த பார்வையில் துணியைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கண்ணாடி துடைக்கக்கூடவா கேக்கணும்?"

"கேக்கணும்."

மறுநாள் கேட்டார், வேண்டாம் என்றாள். அதற்கு அடுத்த நாளும் கேட்டார், அன்றும் வேண்டாம் என்றாள். உண்மையில் கண்ணாடி அழுக்காகத்தான் இருந்தது. ஆனாலும், ஒருவர் கேட்டு, தான் வேண்டாமென்று சொல்லி, அந்த வேண்டாம் அப்படியே நிற்பதை அவள் அதுவரை கண்டதில்லை. ஆசைதீர ஒரு வாரம் வேண்டாம் வேண்டாமென்று சொன்னாள். அப்புறம் ஒருநாள், நேரமாகிவிட்ட அவசரத்தில், "சரி, தொடைச்சுக் குடு" என்றாள்.